ஆசிரியர்கள் கட்டிய ஆடற்பள்ளி



நடனத்தின் வரலாறு என்றதும் நமக்கு மேடைதான் நினைவுக்கு வருகிறது. யார் ஆடினார், எந்தச் சபையில் ஆடினார், எத்தகைய பாராட்டைப் பெற்றார் என்பனவற்றையே நூல்களும் பெரிதாகப் பேசுகின்றன. ஆனால், ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான கற்பித்தல் இருக்கிறது. ஒரு பிள்ளையின் கால் தாளத்தில் விழும்வரை சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குரல் இருக்கிறது. அந்தக் கற்பித்தலுக்கும் ஒரு வரலாறு உண்டு. நெடுங்காலமாக வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது அந்த வரலாறே. ஆகையால், சென்னை கலாக்ஷேத்திராவை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன். அதனை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேலின் புகழ் பாடுவது மாத்திரம் என் நோக்கமன்று. அங்கே கூடிய ஆசிரியர்கள் எவ்வாறு ஒரு சமூகமாயினர், அந்தக் கூட்டு வாழ்வு எதனைத் தந்தது, எவரைக் கடன்காரராக்கியது என்பதே நமது விசாரணை.

தமிழாசிரியன் ஒருவன் நடனத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தொடாமல் அப்பாற் போகமுடியாது. மாதவி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாவது வயதில் சோழ மன்னன் முன்னிலையில் ஆடினாள். ஆயினும், இளங்கோவடிகள் அவளை உடனே ஆடவிட்டாரில்லை. முதலில் ஆடலாசிரியனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பின்னர் இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒருவர்பின் ஒருவராக அறுவரையும் அறிமுகஞ் செய்து, அவரவர் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று விரித்துரைக்கிறார். அதன் பின்னரே அரங்கின் அளவு, தலைக்கோல், ஆடல் எல்லாம். ஒருத்தி ஆடுவதற்கு ஆறு ஆசிரியர்கள் ஒன்றுகூட வேண்டும் என்பது நமது மரபின் மிகப் பழைய தீர்ப்பு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே நாம் அடையாற்றுக்குப் போவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அறுவரும் பெரும்பாலும் ஒரே குலத்துக்குள் இருந்தனர். ஆடியவர்கள் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிய தேவரடியார். ஆட்டுவித்தவர்கள் இசைவேளாளர் குலத்து நட்டுவனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரண்மனையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தித் தந்தனர். அந்த அறிவு ஏட்டில் இருந்ததைவிட வாயிலேயே அதிகம் இருந்தது. நட்டுவனார் திண்ணையில் அமர்ந்து தட்டுக்கழியால் மனையில் தட்டுவார். பிள்ளை முற்றத்தில் ஆடும். வெளியார் எவரும் அந்த முற்றத்துக்குள் இலகுவாக நுழைய முடியாது.

அந்த ஆட்டத்துக்குச் சதிர் என்றும் சின்னமேளம் என்றும் பெயர். யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கும் சின்னமேளம் வந்து போனது. அதனை ஆறுமுக நாவலர் வன்மையாகக் கண்டித்தமை நாம் அறிந்ததே. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று நடத்திய இயக்கம், 1947 ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சென்னை மாகாணச் சட்டமாக முடிந்தது. பெண்களை ஓர் இழிநிலையிலிருந்து மீட்க வேண்டும் என்ற நியாயம் ஒருபுறம். அவர்களுடைய கையில் இருந்த கலையும் அவர்களோடு சேர்ந்து அழிந்துவிடக்கூடாது என்ற கவலை மறுபுறம். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் இந்த இரண்டாவது கவலையை முன்வைத்துப் போராடினார். மியூசிக் அகடமியின் மேடையில் சதிர் இடம்பெற்றதும் அவருடைய முயற்சியாலேயே.

அந்த மேடையில் 1933 ஆம் ஆண்டில் சதிரைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்தான் ருக்மிணிதேவி. 1904 பெப்ரவரி 29 ஆம் திகதி மதுரையிலே பிறந்தவர். பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜோர்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை 1920 இல் மணந்தவர். ருஷ்ய நாட்டு பலே நடனமணி அன்னா பவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பலே பயின்றவர். உனது நாட்டின் கலையைத் தேடு என்று பவ்லோவா அவருக்கு வழிகாட்டினார் என்பர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடமும் பயின்று, 1935 இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவிலே ஆடினார். பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர் சதிர் ஆடுவதா என்று ஊர் கலங்கியது. அவர் தயங்கவில்லை. 1936 ஜனவரி 6 ஆம் திகதி அடையாற்றிலே கலைப்பள்ளி ஒன்று உருவாயிற்று. பின்னர் அதற்குக் கலாக்ஷேத்திரா என்ற பெயர் அமைந்தது. ஒரு மரமும் ஒரு மாணவியுமாகத் தொடங்கிய பள்ளி என்று அதனைச் சொல்வது வழக்கம்.

ஒரு மரம், ஒரு மாணவி என்பது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்த ஆசிரியர்களின் வரிசையைப் பார்க்கும்போதுதான் எனக்கு வியப்பு உண்டாகிறது. நடனத்துக்கு, தஞ்சை நால்வரின் வழித்தோன்றலான மீனாட்சிசுந்தரம்பிள்ளையும் அவருடைய மருமகன் சொக்கலிங்கம்பிள்ளையும். இசைக்கு டைகர் வரதாச்சாரியார். தமிழ்ப் பாட்டியற்றிப் பாடிக் கற்பிக்கப் பாபநாசம் சிவன். யாழின் இடத்தில் வீணை. அதற்குக் காரைக்குடி சாம்பசிவஐயர். கதகளிக்குக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கரும் பின்னர் சந்து பணிக்கரும். இவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் இருந்தவர்களல்லர். சிலர் வந்தனர், சிலர் போயினர். எனினும், இளங்கோவடிகள் வரிசைப்படுத்திய ஆசிரியர் கூட்டம் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் குலத்தின் எல்லையைத் தாண்டி ஒரு பொதுப் பள்ளியின் கூரையின் கீழ் கூடியது இங்கேதான் எனலாம்.

கூடுவது வேறு, கூடி வாழ்வது வேறு. 1943 ஆம் ஆண்டில் சொக்கலிங்கம்பிள்ளை கலாக்ஷேத்திராவை விட்டு விலகினார். நட்டுவனார் இல்லாமல் நடனமில்லை என்பது அக்கால நியதி. மேடை நிகழ்ச்சியோ நெருங்கிவிட்டது. ருக்மிணிதேவியும் அவருடைய மாணவியரும் தாமே தாளத்தைக் கையில் எடுத்து நட்டுவாங்கம் செய்தனர். பெண்கள் மேடையோரத்தில் அமர்ந்து சொற்கட்டுச் சொல்லி ஆட்டுவிப்பது அன்று எளிதில் எண்ணக்கூடிய காரியமன்று. பின்னர் கட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரபிள்ளை, தண்டாயுதபாணிப்பிள்ளை போன்ற நட்டுவனார்கள் சில காலம் வந்து கற்பித்தனர் என்றாலும், அந்த ஆண்டோடு ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. நேற்றுப் படித்த பிள்ளை இன்று படிப்பிக்கத் தொடங்கினாள். ஆடுபவள் ஆசிரியையானாள். இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நட்டுவாங்கத்துக்கு ஒரு பெண் அமர்ந்திருப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. அந்த இயல்புநிலைக்குப் பின்னால் இவ்வாறான நெருக்கடிகள் இருந்தன.

அடுத்த ஆண்டே, 1944 இல், திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திரா நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. அதற்கு வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். ஒரு நாட்டிய நாடகம் தனியாள் ஆட்டத்தைப் போன்றதன்று. வசந்தவல்லிக்கு ஒருத்தி வேண்டும். குறத்திக்கு ஒருத்தி வேண்டும். சிங்கனுக்கும் கட்டியக்காரனுக்கும் ஆட்கள் வேண்டும். பாடுவோர், உடை தைப்போர், திரை அமைப்போர் எல்லோரும் ஒரே நோக்கத்தில் பல மாதம் உழைக்க வேண்டும். தனித்தனியாக வகுப்பெடுத்த ஆசிரியர்கள் ஒருவர் வேலையை மற்றவர் உற்றுப் பார்க்கும் கட்டாயம் அங்கே பிறந்தது. ஒரு பள்ளிக்கூடம் சமூகமாவது இத்தகைய வேலையினாலேதான். கூட்டம் போட்டுப் பேசுவதால் அன்று. கல்லூரியில் ஒரு நாடகத்தை அரங்கேற்றிய ஆசிரியர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

தமிழ் கற்பிப்போர் நன்றியோடு நினைக்கவேண்டிய மற்றொரு செய்தியும் இவ்விடத்தில் உண்டு. 1892 இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்து, மாதவியின் ஆறு ஆசிரியர்களையும் நமக்கு மீட்டுத் தந்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் 1942 இல் மறைந்தார். மறு ஆண்டில் அவருடைய பெயரால் நூல்நிலையம் ஒன்றை ருக்மிணிதேவி நிறுவினார். ஐயர் ஊர் ஊராக அலைந்து தேடிய ஏட்டுச்சுவடிகள் அங்கே பாதுகாப்புப் பெற்றன. ஆடலாசிரியனின் இலக்கணம் கூறும் நூலைப் பதிப்பித்தவரின் சுவடிகளுக்கு ஓர் ஆடற்பள்ளியே இருப்பிடம் தேடிக் கொடுத்தது. இதனினும் பொருத்தமான குருதட்சணை வேறென்ன இருக்க முடியும்?

1945 இல் அருண்டேல் காலமானார். பிரம்மஞான சபையின் வளவை விட்டுக் கலாக்ஷேத்திரா வெளியேறும் நிலை உருவாயிற்று. திருவான்மியூர்க் கடற்கரையை அண்டிய மணற்பாங்கான நிலத்தில் ஏறத்தாழ நூறு ஏக்கர் வாங்கப்பட்டு, 1960 களின் தொடக்கத்தில் பள்ளி அங்கே குடிபெயர்ந்தது. வெறும் மணலில் மரங்கள் நடப்பட்டன. காலையில் ஆசிரியரும் மாணாக்கரும் ஆலமரத்தின் கீழ் ஒன்றுகூடிப் பல சமயத்துப் பிரார்த்தனைகளைச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகும் வழக்கம் அங்கு நிலைபெற்றது. முதல்நாள் பிள்ளையும் முதுபெரும் வித்துவானும் ஒரே மண்ணில் நிற்கின்றனர். பகலிலே குடில்களிலிருந்து தட்டுக்கழியின் ஓசை வரும். ஒரு குடிலில் விளம்பகாலம், அடுத்த குடிலில் துரிதகாலம்.

அங்கே சாரதா என்ற பெயரில் இருவர் இருந்தனர். ஒருவர் பெரிய சாரதா. மற்றவர் சின்ன சாரதா. ஒரு குடும்பத்திலே பெரியக்கா, சின்னக்கா என்பதுபோல அந்தப் பள்ளியில் ஆசிரியைகளுக்குப் பெயர் அமைந்துவிட்டது. பெரிய சாரதா எனப்பட்ட எஸ். சாரதா, ருக்மிணிதேவியின் ஆக்கங்களுக்குப் பக்கத்துணையாக நின்று, பிற்காலத்தில் அவ்வரலாற்றை நூலாகவும் எழுதி வைத்தார். சின்ன சாரதா எனப்பட்ட சாரதா ஹொவ்மன், பல தலைமுறை மாணாக்கருக்கு அடவு கற்பித்தார். கலாக்ஷேத்திரா பாணி என்று இன்று உலகம் அடையாளம் காணும் நேர்கோடும் அரைமண்டித் திடமும் பெரிதும் இத்தகைய ஆசிரியைகளின் வகுப்பறைகளிலே தேய்த்துத் தேய்த்து உருவானவை. மேடைப் புகழை அதிகம் நாடாமல், இன்னொருவரின் கால்களில் தம் கலையைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அவர்கள்.

அந்த மகிழ்ச்சி எத்தகையது என்பதை ஓரளவு நானும் அறிவேன். எங்கள் கல்லூரியில் நடன ஆசிரியை ஒருவர், குறவஞ்சிப் பாடல் ஒன்றைப் பயிற்றுமுன் அதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருமாறு என்னை அழைப்பார். நான் பதம் பிரித்துச் சொல்வேன். குறத்தி தன் மலையின் வளத்தைக் கூறும் இடத்தில், நான் ஐந்து நிமிடம் பேசி விளக்கிய ஒன்றை ஒரு பிள்ளை எழுந்து கண்ணாலும் கையாலும் ஒரு கணத்தில் காட்டிவிடும். கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் அந்தப் பாட்டு அவ்வளவு தெளிவாக விளங்கியிராது. சங்கீத ஆசிரியர் தம்பூராவோடு ஒரு பக்கம், மிருதங்க ஆசிரியர் மறுபக்கம். பாடவேளை முடிந்து மணி அடித்தாலும் எவருக்கும் எழுந்து போக மனம் வராது. எல்லோரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள்தாம். ஆனால், அந்த நாற்பது நிமிடத்தில் சம்பளம் எவர் நினைவிலும் இருப்பதில்லை.

கலாக்ஷேத்திராவின் மிகப்பெரிய கூட்டு முயற்சி, 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக மேடையேறிய வால்மீகி இராமாயண நாட்டிய நாடகத் தொடர். மைசூர் வாசுதேவாச்சாரியார் முதிர்ந்த வயதிலே அடையாற்றுக்கு வந்து அதற்கு இசையமைத்தார். தொடர் முடிவதற்கு முன்னர் 1961 இல் அவர் காலமானார். அவருடைய பேரன் ராஜாராம் எஞ்சிய பகுதிகளுக்கு இசையமைத்து நிறைவு செய்தார். பாட்டன் விட்ட இடத்திலிருந்து பேரன் தொடர்ந்தார்; 1953 இல் சிறுவனாகக் கேரளத்திலிருந்து வந்து சேர்ந்த தனஞ்சயன் போன்றோர் வளர்ந்து அந்த மேடையில் ஆடினர். ஒரு படைப்பு பதினைந்து ஆண்டு நீடிக்க வேண்டுமானால் அதற்குத் தனிமனிதத் திறமை போதாது. ஒருவர் போனால் மற்றவர் தாங்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

இனி, இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். முற்றத்தின் கதவு திறந்தது உண்மை. எந்தக் குலத்துப் பிள்ளையும் உள்ளே வரலாம் என்றாயிற்று. ஆனால், அந்த முற்றம் யாருடையதோ அவர்களுட் பலர் அதே கதவால் வெளியேறிப் போயினர். தேவரடியார் குலத்துப் பெண்களுக்குக் கோயிலும் இல்லை, மேடையும் இல்லை என்றாயிற்று. தம் பெண்மக்களை ஆடவிடவே பல குடும்பங்கள் அஞ்சின. சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறிய வேளையில், சிருங்காரம் மிகுந்த பதங்கள் சிலவற்றை ருக்மிணிதேவி ஒதுக்கினார். அதே மரபில் பிறந்து, அதே கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்ற பாலசரஸ்வதி இதனை ஏற்கவில்லை. 1975 இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், சிருங்காரமே இக்கலையின் உயிர் என்றும் அதனைத் தூய்மைப்படுத்தப் புறப்படுவது தேவையற்றது என்றும் நிலைநாட்டினார். இவ்விருவரில் எவர் சரி என்று தீர்ப்பளிப்பது எனக்கு முக்கியமன்று. கற்றுக் கொடுத்தவர்களுக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கடன் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை என்பதை மறக்காதிருப்பதே முக்கியம்.

ஆசிரியர் சமூகம் என்பது நம்பிக்கையின் மேல் நிற்கும் கட்டடம் என்பதையும் காலம் உணர்த்தியது. ருக்மிணிதேவி 1986 இல் மறைந்தபின், 1993 ஆம் ஆண்டின் இந்தியப் பாராளுமன்றச் சட்டத்தினால் கலாக்ஷேத்திரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 2023 மார்ச் மாத இறுதியில், ஆசிரியர் சிலர்மீது பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுகளை முன்வைத்து மாணாக்கர் அந்த வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். குருவின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்ற பண்பாட்டில் வளர்ந்த பிள்ளைகள் வாய்திறந்து பேசியமை சிறிய காரியமன்று. நடன ஆசிரியர் மாணவியின் தோளைத் திருத்துகிறார், முழங்காலைத் திருத்துகிறார். உடலைத் தொட்டுக் கற்பிக்கும் கலையிலே ஆசிரியருக்கு இருக்கவேண்டிய ஒழுக்கம் வேறெந்தப் பாடத்தையும்விட மேலானது. புகழ் பெற்ற பள்ளி என்பதற்காகப் பிள்ளைகளின் குரலை அமுக்கும் சமூகம் சமூகமாகாது. அது வெறும் கூட்டம்.

ஈழத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள உறவு நீண்டது. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயிலில் சென்னைக்குப் போன காலம் 1964 டிசம்பர்ப் புயலோடு முடிந்தது. அதன்பின் இராமேஸ்வரம் வழியாகவும் விமானத்திலும் போயினர். அடையாற்றில் கற்றுத் திரும்பியவர்கள் இங்கே வகுப்புகளைத் தொடங்கினர். அவர்களிடம் கற்றவர்கள் பாடசாலைகளில் ஆசிரியைகளாயினர். 1960 இல் மருதனார்மடத்தில் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகமும், 1982 இல் மட்டக்களப்பில் தொடங்கிய விபுலானந்த இசை நடனக் கல்லூரியும் இக்கல்வியை நம் மண்ணிலேயே வேரூன்றச் செய்தன. யுத்த காலத்திலும் சலங்கை ஒலி முற்றாக ஓய்ந்துவிடவில்லை. இடம்பெயர்ந்து சென்ற ஊர்களிலும் யாரோ ஓர் ஆசிரியை நாலு பிள்ளைகளை நிறுத்தித் தட்டடவு சொல்லிக்கொடுத்துக் கொண்டுதான் இருந்தார்.

ஆனால், நாம் பெற்றுக்கொண்டது எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பரதம் இன்று க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஒரு பாடம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தரந்தரமாகச் சித்தியடைய ஒரு துறை. அரங்கேற்றம் என்பதோ மண்டபமும் மலர்மாலையும் விருந்துமாகப் பெற்றோரின் செல்வ நிலையைக் காட்டும் வைபவமாக மாறி வருகிறது. அதற்கு வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, எவ்வளவு நன்றாக ஆடினாலும் வகுப்பின் பின்வரிசையோடு நின்றுவிடுகிறது. நடன ஆசிரியை ஓர் அறையில், சங்கீத ஆசிரியர் மற்றோர் அறையில், தமிழாசிரியன் இன்னோர் அறையில். பாடலின் பொருள் தெரியாமலே பாவம் காட்டும் பிள்ளைகளை நாம் மேடையில் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதவிக்கு ஆறு ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சந்திப்பதில்லை.

நூறு ஏக்கர் நிலமும் ஆலமரமும் நமக்கு வேண்டாம். கிழமையில் ஒரு பாடவேளை போதும். நடன ஆசிரியையும் சங்கீத ஆசிரியரும் மிருதங்க ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே அறையில், ஒரே பாட்டை நடுவில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு அமர்வதற்கு நேரசூசியில் இடம் ஒதுக்க அதிபர்கள் மனம் வைத்தால் போதும். அதற்குச் செலவில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை. அந்த அறைக்குள் வரும் பிள்ளையிடம், உன் வீட்டில் அரங்கேற்றம் செய்ய முடியுமா என்று மாத்திரம் எவரும் கேட்கவேண்டாம்.